பிறவாத பிள்ளையின் குரல்

பேய் தோன்றாத பேய்ப்படம் ஒன்று உண்டென்று கூறினால் நம்புவோர் சிலரே. வெண்ணிற ஆடையும், நள்ளிரவுப் பாட்டும், தானே திறக்கும் கதவும் இன்றி ஆவியுலகக் கதை எங்ஙனம் அச்சந் தரும் என்று இளைஞர் வினவுவர். ஆயினும், சாதாரணமான ஒரு வீட்டையும், அவ்வீட்டில் வாழும் ஒரு கணவனையும் மனைவியையும் மட்டுமே பெரிதும் துணையாகக் கொண்டு, பார்ப்போர் நெஞ்சைப் படபடக்கச் செய்யும் படம் ஒன்றை அண்மையில் வீட்டிலிருந்தே பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பார்த்து முடித்த பின்னர் எம்மை வருத்தியது அச்சமன்று, ஒரு கேள்வியே. துயருற்ற ஒருவரிடம் அன்புடையோர் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதே அக்கேள்வி. குடும்பமாக வாழும் எல்லோருக்கும் உரிய கேள்வியாதலின் வாசகர்களுடன் அதனைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘சேயான்ஸ் ஒன் ஏ வெட் ஆப்டர்நூன்’. ‘மழை பெய்யும் பிற்பகலில் ஓர் ஆவியழைப்பு’ என்று அதனைத் தமிழில் கூறலாம். மார்க் மக்ஷேன் என்பார் 1961இல் எழுதிய நாவலைத் தழுவித் திரைக்கதை எழுதி நெறிப்படுத்தியவர் பிரையன் போர்ப்ஸ். கணவன் வேடந் தாங்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. 1982இல் ‘காந்தி’ படத்தை உருவாக்கி உலகப் புகழ் எய்திய அதே அட்டன்பரோதான். பெரிய முதலாளிகளின் கட்டளைக்குப் பணியாது தம் மனம் விரும்பிய கதைகளைப் படமாக்க வேண்டும் என்று கருதிய இவ்விருவரும் சேர்ந்து சிறியதொரு படநிறுவனத்தை அமைத்திருந்தனர். வேலைநிறுத்தத்தில் சேர மறுத்த ஒரு தொழிலாளியை ஊரார் ஒதுக்கிவைக்கும் கதையைக் கூறும் ‘தி அங்ரி சைலன்ஸ்’ 1960இலும், தப்பியோடிய குற்றவாளி ஒருவனைச் சிறுவர்கள் இயேசுநாதர் என்று நம்பிவிடும் கதையைக் கூறும் ‘விசில் டவுன் த விண்ட்’ 1961இலும் அவர்களது முயற்சியால் வெளிவந்தன. அவ்வழியிலே எழுந்ததே இக் கறுப்பு வெள்ளைப் படமும். இதில் ஆடம்பரம் இல்லை. தந்திரக் காட்சிகள் இல்லை. உள்ளவை முகங்களும் நிழல்களும் ஜோன் பாரியின் அடக்கமான இசையுமே.

மனைவி மைராவாக நடித்தவர் நியூயோர்க் நாடக மேடையிலே பெரும் பெயர் பெற்றிருந்த கிம் ஸ்டான்லி. அம்மையார் சினிமாவில் தோன்றியது மிகச் சில தடவைகளே. இப்படத்துக்காக அவர் பெயர் ஒஸ்கார் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டுப் பரிசு ‘மேரி பொப்பின்ஸ்’ படத்தில் குடைபிடித்து வானில் வரும் செவிலியாக நடித்த ஜூலி அன்ட்ரூஸுக்கே சென்றது. குழந்தைகளை மகிழ்விக்கும் மாயச் செவிலியையும், குழந்தையொன்றைச் சிறைவைத்துச் செவிலிவேடம் புனையும் மைராவையும் ஒரே பட்டியலில் வைத்துத் தீர்ப்புக் கூற நேர்ந்தது விந்தையே.

இனிக் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். மைரா தன் வீட்டிலே வாரந்தோறும் ஆவியழைப்புக் கூட்டம் நடத்துபவள். இறந்தோருக்கும் இருப்போருக்கும் இடையே நின்று பேசும் இத்தகையோரை ‘மீடியம்’ என்பர். அவளுக்கு அவ்வுலகத்துச் செய்திகளைக் கொண்டுவருபவன் ஆர்தர் என்னும் அவளது மகன். அவன் இறந்துவிட்டான். மைராவின் ஆற்றலை உலகம் அறியவில்லை. அறியச் செய்வதற்கு அவளே ஒரு வழி காண்கிறாள். செல்வர் ஒருவரின் சிறுமகளைக் கணவன் பில்லி கடத்திவர வேண்டும். 25,000 பவுண் பணமும் கேட்க வேண்டும். பின்னர் ஆவியின் துணையால் குழந்தை இருக்குமிடத்தைத் தான் கண்டறிந்து கூறியதாகக் காட்ட வேண்டும். பணத்தில் அவளுக்கு ஆசையில்லை. குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லை. அவள் மனத்தில் அது கடத்தலே அன்று. குழந்தையைச் சில நாட்களுக்கு இரவல் வாங்குவதே.

பில்லி உடன்படுகிறான். உத்தியோகமற்றவன், மெலிந்த உள்ளத்தவன், மனைவியிடம் எல்லையற்ற அன்புடையவன். வீட்டின் அறையொன்று ஆஸ்பத்திரி அறையாக மாற்றப்படுகிறது. சிறுமி அமண்டாவிடம் அவள் நோயுற்றிருப்பதாகக் கூறப்படுகிறது. மைரா செவிலியாகவும், பில்லி முகமூடி அணிந்த டொக்டராகவும் அவள் முன் தோன்றுகின்றனர். நாட்கள் செல்லச் செல்ல மைராவின் உள்ளம் நிலைகுலைகிறது. தனிமையில் வாடும் ஆர்தர் தனக்கொரு துணை வேண்டும் என்று கேட்பதாக அவள் கூறத் தொடங்குகிறாள். அக்கூற்றின் பொருள் விளங்கும்போது பில்லியின் முகத்தில் தோன்றும் திகிலே இப்படத்தின் பேய் எனலாம்.

முடிவில் பொலிஸார் அவ்வீட்டுக்கு வருகின்றனர். மைரா நெடுநாளாக ஏங்கிய பெருமை அவள் வாசலிலே வந்து நிற்கிறது. ஆவியழைப்பு ஒன்றை நடத்திக் காட்டுமாறு அவர்கள் கேட்கின்றனர். அவளும் அமர்கிறாள், கண்மூடுகிறாள். அந்த மயக்க நிலையிலே, மறைத்துவைத்த அனைத்தும் அவள் வாயிலிருந்தே வெளிவந்துவிடுகின்றன. குழந்தையோ பிழைத்துக்கொண்டது, பில்லி அவளைக் கொல்லவில்லை, பிறர் கண்டெடுக்கக்கூடிய இடத்தில் விட்டுவந்திருந்தான். மைராவின் ஆவியழைப்பு எந்நாளிலும் பொய்யாயிருந்ததோ என்னவோ, அன்று அது உண்மையையே உரைத்தது.

மைராவை மோசக்காரி என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாமா என்பதே இங்கு எழும் முதல் ஐயம். ஆவியுலகத் தொடர்பு என்னும் இயக்கம் மேல்நாட்டிலே பரவிய வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. 1848இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பொக்ஸ் சகோதரிகள் என்போர், ஆவிகள் தட்டும் ஓசையால் தம் கேள்விகளுக்கு விடை தருவதாகக் கூறினர். நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1888இல், அவர்களுள் ஒருத்தியாகிய மார்கரெட் அவ்வோசை தன் கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கியதால் எழுந்ததென்று மேடையேறி ஒப்புக்கொண்டாள். அடுத்த ஆண்டே அவ்வொப்புதலை மறுத்தும் கூறினாள். ஆனால் அவளது ஒப்புதலால் அவ்வியக்கம் அழிந்துவிடவில்லை. காரணம் எளிது, கேட்க வந்தோர் விரும்பியது நிரூபணத்தையன்று, இறந்தவரின் ஒரு சொல்லையே.

முதலாம் உலக யுத்தம் அவ்விருப்பத்தை வீடுதோறும் கொண்டுவந்தது. புகழ்பெற்ற பௌதிகவியலாளர் சேர் ஒலிவர் லொட்ஜின் மகன் றேமண்ட் 1915இல் போர்க்களத்தில் மாண்டான். மீடியங்கள் வாயிலாக அவனோடு பேசியதாக நம்பிய தந்தை, மறு ஆண்டே அவன் பெயரைத் தலைப்பாகக் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். வானொலி அலைகளை ஆராய்ந்த அறிவு மகனின் பிரிவின் முன் வேறு திசையிற் சென்றது. துப்பறியும் கதைகளால் உலகைக் கவர்ந்த ஆர்தர் கொனன் டொயிலும் இவ்வியக்கத்தின் பெரும் பிரசாரகராயினார். 1918இல் அவரும் தம் மகனை இழந்தார்.

இன்னொரு மனிதரையும் இங்கு நினைவுகூர வேண்டும். மாயவித்தைக்காரர் ஹூடினி தம் தாயார்மீது உயிரையே வைத்திருந்தவர். தாயார் 1913இல் இறந்தார். 1922இல் அமெரிக்காவின் அட்லான்டிக் சிற்றியில் கொனன் டொயிலின் மனைவியார் ஆவி ஏவ எழுதுவதாகக் கூறிப் பதினைந்து பக்கங்களை ஹூடினியின் தாயார் பெயரால் எழுதி அளித்தார். ஹூடினி அவற்றை ஆவலோடு வாசித்தார். தாளின் தலைப்பிலே சிலுவைக் குறி இருந்தது. அவர் தாயாரோ யூதகுருவின் மனைவி. எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. தாயாருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. ஹூடினியும் துயருற்றவரே, தாயின் ஒரு சொல்லுக்காக ஏங்கியவரே. தாயின்மேல் வைத்த அன்பே அவரைப் பொய்யான சொல்லை ஏற்க விடவில்லை. அதன்பின் போலி மீடியங்களை வெளிப்படுத்துவதைத் தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாக்கிக் கொண்டார்.

பிரித்தானியச் சட்டமும் இவ்விடயத்தில் தடுமாறியே வந்துள்ளது. ஹெலன் டங்கன் என்னும் மீடியம் 1944இல் தண்டிக்கப்பட்டபோது அவர்மீது பிரயோகிக்கப்பட்டது 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம். 1951இல் அப்பழைய சட்டம் நீக்கப்பட்டுப் போலி மீடியங்கள் பற்றிய புதிய சட்டம் வந்தது. அது 2008 வரை நடைமுறையில் இருந்தது. ஏமாற்றும் நோக்குடன் பணத்துக்காக இத்தொழில் செய்பவரே அச்சட்டத்தின்படி குற்றவாளி. உள்ளபடியே நம்புபவரை அது தொடாது. மைராவை இத்தராசில் இட்டால் முள் எப்பக்கமும் சாயாது. தன் மகன் பேசுகிறான் என்று அவள் முற்றாக நம்புகிறாள். அந்நம்பிக்கையை உலகம் ஏற்க வேண்டும் என்பதற்காக மோசடி செய்கிறாள். நம்பிக்கையும் வஞ்சகமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. இப்படம் எண்ணிப் பார்த்தது.

எம் உள்ளத்தை விட்டகலாத காட்சி ஒன்று உண்டு. கடத்தப்பட்ட சிறுமியின் தாய், நம்பிக்கை வேறெங்கும் அற்ற நிலையில், மைராவின் ஆவியழைப்புக் கூட்டத்துக்கே வந்துசேர்கிறாள். பிள்ளை அதே வீட்டில் ஓர் அறையிலே கிடக்கிறது. தாயோ மற்றோர் அறையிலே மேசையைச் சுற்றி அமர்ந்தோருடன் கைகோத்துக்கொண்டு, பிள்ளையின் செய்திக்காகக் காத்திருக்கிறாள். அவ்விடத்தில் பிள்ளையைப் பிரிந்த தாய்மார் இருவர் இருக்கின்றனர். ஒருத்தியின் துயரம் நாடறிந்தது. பத்திரிகைகள் எழுதுகின்றன, பொலிஸார் தேடுகின்றனர், அயலார் அனுதாபம் கூறுகின்றனர். மற்றவளின் துயரத்தை எவரும் எக்காலத்திலும் கேட்டதில்லை. அதனாலேயே அவள் தன் பக்கத்தில் இருப்பவளின் கண்ணீரைக் காணாதிருக்கின்றாளோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஏன் கேட்கவில்லை? ஆர்தர் வளர்ந்து மாண்ட பிள்ளையல்லன். அவன் இறந்தே பிறந்தவன். இச்செய்தி படத்தின் பிற்பகுதியிலேயே தெளிவாக வெளிப்படுகிறது. அக்காலப் பிரித்தானியாவில் இறந்து பிறக்கும் சிசுவைத் தாயின் கண்ணிற் படாமலே அகற்றிவிடுதல் பெருவழக்கு. தாய் காணாதிருந்தால் விரைவில் மறப்பாள் என்று வைத்தியர்களும் தாதியரும் நல்லெண்ணத்துடனேயே கருதினர். பல சிசுக்கள் பெயரின்றிப் பொதுக்குழிகளில் அடக்கப்பட்டன. புதைத்த இடத்தைப் பல பெற்றோர் அறிந்ததுமில்லை. 1978இல் பெற்றோர் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து இவ்வழக்கத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினர். இன்று அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அத்தகைய பிள்ளையைக் காணவும், கையில் ஏந்தவும், பெயரிட்டு அடக்கஞ் செய்யவும் பெற்றோருக்கு இடமளிக்கின்றனர். மைராவின் கதை அம்மாற்றத்துக்கு முந்தியது. காணாத முகத்தை மறப்பதெங்ஙனம்? கல்லறையும் திவசமும் இல்லாத பிள்ளைக்கு அவள் தன் கூட்டத்திலே ஓர் ஆசனத்தை அளித்தாள்.

இவ்விடத்தில் எமது குடும்பத்திலிருந்து ஒன்று கூற வேண்டும். எமது பெரியம்மாவுக்குத் தலைப்பிள்ளை உயிரின்றியே பிறந்ததாம். அதன் பின்னர் பெண் இருவர் பிறந்து நலமாக வளர்ந்தனர். வீட்டுக்கு வரும் புதியவர்கள் “எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டால் அவர் ஒரு கணம் பேசாதிருந்து, “மூன்று” என்பார். உடனே அருகில் இருக்கும் யாராவது, “இரண்டு, இரண்டு” என்று திருத்திவிடுவர். பெரியம்மா அதனை மறுத்துப் பேசியதில்லை. அடுத்த தடவையும் “மூன்று” என்றே சொல்வார். சிறுவயதில் இதனை நாம் வேடிக்கையாகவே கண்டோம். பெரியப்பா மட்டும் திருத்துவதில்லை. ஒருமுறை, திருத்திய உறவினரை நோக்கி, “அவ சொல்லுறது சரிதான். மூத்தவன் இல்லை, ஆனால் மூன்றுதான்” என்று அமைதியாகக் கூறினார். “இல்லை” என்ற சொல்லையும் அவர் மறைக்கவில்லை. “மூன்று” என்ற சொல்லையும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று பெரியம்மா அடுக்களைக்குள் எழுந்து சென்றுவிட்டார். திரும்பி வருகையில் அவர் முகம் அழுதிருந்தது, ஆயினும் தெளிந்திருந்தது.

நம் முன்னோர் துயரத்துக்கு ஒழுங்கான பாதை ஒன்று அமைத்தவர்கள். எட்டுச் செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும், ஆண்டுத் திவசமும், தந்தைக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திரா பௌர்ணமியும் என்று, இருப்போர் அழுவதற்கும் பின்னர் எழுவதற்கும் நாள் குறித்து வைத்தனர். ஆனால் உயிரோடு பிறவாத பிள்ளைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அடக்கம் சந்தடியின்றி முடிந்துவிடும். தாயிடம் அதைப்பற்றிப் பேச வேண்டாம் என்று பெரியவர்கள் தடுப்பர். நோக்கம் நல்லதே, இங்கிலாந்தின் வைத்தியர்களும் தாதியரும் கொண்டிருந்த அதே நல்ல நோக்கம். பேசாதிருந்தால் புண் ஆறும் என்று இரு நாட்டாரும் எண்ணினர்.

பெரியப்பாவையும் பில்லியையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். இருவரும் மனைவியரை நேசித்தவர்களே. பில்லி, மைரா எது கூறினும் ஆமென்கிறான். ஆர்தர் பேசுகிறான் என்றால் ஆம். பிள்ளையைக் கடத்து என்றால் ஆம். அவளை நோகச் செய்யலாகாது என்பதே அவன் அறிந்த அறம். ஆண்டாண்டாக அவன் கூறிய ஒவ்வோர் ஆமும் அவளை அவனிடமிருந்து ஒவ்வோர் அடியாக விலக்கி, ஒருவரும் உடன்வர இயலாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இறுதியில் ஒரு சிறுமியின் உயிர் பணயமாய் வைக்கப்பட்ட பின்னரே அவன் நெஞ்சு ஒரேயொரு முறை மறுக்கத் துணிந்தது. அந்த மறுப்பால் குழந்தை பிழைத்தது. அதே மறுப்பைப் பத்தாண்டு முன்னர் கனிவோடு கூறியிருந்தால் மைராவும் பிழைத்திருக்கக் கூடும்.

மைராவின் ஆற்றல் பொய்யாயிருந்தபடியால்தானே இத்தனை கேடும் என்று சிலர் கூறலாம். அதற்கு விடையாக இதே நாவலைத் தழுவிய மற்றொரு படத்தைக் காட்டுவோம். 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய நெறியாளர் கியோஷி குரோசாவா தொலைக்காட்சிக்கென இக்கதையை மாற்றி அமைத்தார். அதில் வரும் மனைவி உண்மையாகவே ஆவிகளைக் காண்பவள். கணவன் ஒலிப்பதிவுத் தொழில் செய்பவன். அவர்கள் குழந்தையைக் கடத்தவில்லை. கடத்தியவனிடமிருந்து தப்பிய சிறுமி, கணவன் கொண்டுவந்திருந்த கருவிப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு அவர்கள் வீட்டை அடைந்துவிடுகிறாள். உடனே அறிவிக்காமல், இதனால் புகழ் தேடலாம் என்று மனைவி எண்ணுகிறாள், கணவன் தலையசைக்கிறான், அழிவு தொடர்கிறது. அங்கே ஆவி கண்ணுக்கும் தெரிகிறது. ஆற்றல் மெய்யாயினும் பொய்யாயினும், உண்மையை உரைக்க வேண்டியவர் வாய்மூடி நின்றால் முடிவு ஒன்றே என்பதை இவ்விரு படங்களையும் சேர்த்துப் பார்ப்போர் உணர்வர்.

இப்படத்தைச் சிறுவர்களுடன் பார்க்குமாறு கூறமாட்டோம். சிறுமி அடைபட்டிருக்கும் காட்சிகள் அவர்களைக் கலக்கும். வளர்ந்த மாணவர்களும் பெற்றோரும் பார்க்கலாம். பார்த்தபின் ஒருவரோடொருவர் பேசலாம். ஆவி உண்டோ இல்லையோ என்ற விவாதத்தில் இறங்க வேண்டுமென்பதில்லை. அதனை அவரவர் சமயமும் அறிவும் முடிவு செய்யட்டும். அதனினும் அருகில் உள்ள கடமை ஒன்று நமக்கு இருக்கிறது.

இறந்த பிள்ளையைப் பற்றித் தாய் பேச விரும்பினால் பேசவிடுங்கள். பெயர் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். எந்த மாதம் என்று கேளுங்கள். கண்ணீர் வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். ஆனால் அப்பிள்ளை இன்னது விரும்புகிறது, இன்னது கேட்கிறது என்று ஒருவர் கூறத் தொடங்கும்போது, அவர்மீது எத்துணை அன்பிருந்தாலும் ஆமென்று தலையசைக்க வேண்டாம். கையைப் பற்றிக்கொண்டு இல்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அருகிலேயே இருங்கள். பில்லி மைராவின் அருகிலேதான் இருந்தான். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அன்று வைத்தியர்கள் இல்லை என்று சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்ய ஒருவராவது அவளுக்கு வாய்த்திருந்தால், அந்த வீட்டில் மழை பெய்யும் பிற்பகல்கள் வெறும் மழை பெய்யும் பிற்பகல்களாகவே கழிந்திருக்கும்.